கிறகரி அத்தானின் கடல்

கிறகரி அத்தானுக்குக் கடலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது. மன்னாரில் பதினைந்து வயதிலேயே வள்ளம் ஏறியவர். இருபது வருடமாக மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அங்கே யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். கடல் என்று வந்தால் மட்டும் அந்தத் தலை ஆடாது. எனக்கு அது சரியான எரிச்சல். அக்னெஸ் அக்காவுக்குப் பழகிவிட்டது.

போன ஜூலையில் அவர்களோடும் அவர்களுடைய பத்து வயது மகள் சர்மிளாவோடும் விடியவே மொன்றியலை விட்டுப் புறப்பட்டேன். ஐந்து மணி நேரம் ஓடி, ஆறு கடலாக விரிகிற பாறைக் கரைக்குப் போனோம். அங்கே ஒரு கிராமத்து பப்பில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம். பப் நடத்துகிற செலீன் என்னிடம் பிரெஞ்சில் எச்சரித்தாள். எதிரே தெரிகிற பாறைத் திட்டுக்கு இப்போது நடந்தே போகலாம். ஆனால் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு கடல் பெருக்கு ஏறி, போன வழியில் ஆளை மூடும். அதை நான் தமிழில் சொன்னேன்.

"நான் பாக்காத பெருக்கோ? மிஞ்சிப்போனா முழங்கால் மட்டும் வரும்" என்றார் அத்தான்.

மன்னாரில் அவ்வளவுதான் வரும். நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவரோடு வாதாடி யார் வென்றது என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

அத்தான் சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு திட்டுக்குப் போனார். மூன்றேகாலுக்கு அக்காவும் நானும் கரையில் நின்றோம். அவர்கள் நடந்துபோன வழி தண்ணீருக்குள் போயிருந்தது. திட்டில் அத்தான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகளை முதுகில் சுமந்து நீந்தப் போகிறார் என்று விளங்கியது. செலீன் ஓடிவந்தாள். "வேண்டாம்! தண்ணீர் ஐஸ். கொஞ்ச நேரத்தில் கை கால் விறைத்துவிடும். பாறை மூழ்காது. பக்கத்து வீட்டார் படகு எடுக்கப் போயிருக்கிறார்கள்."

"அத்தான், இறங்காதேங்கோ! படகு வருது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் கையை மட்டும் அசைத்தார். சர்மிளா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது.

"கிறகரி!"

அக்காவின் குரல் அது. பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கணவரைக் கூப்பிட "இஞ்சாருங்கோ" தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து வந்தது.

"கிறகரி! ஏறு மேல! பிள்ளையோட ஏறு!"

அத்தான் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, தவழ்ந்து பாறையில் ஏறி, மகளைச் சட்டையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு வர இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா திட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பப்பில் செலீன் போர்வைகளும் சூடான சூப்பும் கொடுத்தாள். அத்தான் தன் கிண்ணத்தைத் தொடாமல் சர்மிளாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆறமுதல் குடியுங்கோ" என்றாள் அக்கா, தலையைக் குனிந்தபடி.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார் அத்தான். "அதைக் கேட்டுத்தான் ஏறினனான்."