நாலு வீதி மட்டும் ஓடிய கார்

டவுன் பஸ்ஸின் படி எவ்வளவு உயரம் என்பது எனக்கு அண்ணியால்தான் தெரிந்தது. ஒரு கையில் தடி, தோளில் நோட்டுப் பை. இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கப் பார்ப்பார். முழங்காலுக்கு மேல் வராது. "ஏறும்மா, இல்லன்னா தள்ளும்மா" என்று பின்னால் குரல் கேட்கும். அண்ணி தள்ளி நின்றுவிடுவார். பஸ் போய்விடும். அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் இதைப் பல காலைகளில் பார்த்தேன்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு அப்படித்தான். ஆற்றுக்கு அக்கரையில், தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் மணிக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று பள்ளி நிர்வாகி ஒரு மாதம் தவணை சொல்லியிருந்தார். அண்ணி கார் ஓட்டுவார். அவருடைய அப்பா ஒரு மிராசுதாரிடம் டிரைவராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்பே மகளுக்குப் பழக்கிவிட்டிருந்தார். புதுக் காருக்குப் பதிந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆகவே பழைய சின்னக் கார் ஒன்று, அதுவும் அந்த மாதத்துக்குள். நான் பொன்மலையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். இரும்பு தெரிந்தவன் என்று அண்ணனும் அண்ணியும் என்னையும் அழைத்துப் போனார்கள்.

முதலில் தென்னூரில் ஒரு தரகர். அவரிடம் ஏழெட்டுக் கார்கள் புது வண்ணத்தோடு நின்றன. "இதுக்கு முன்னாடி யாருது?" என்று அண்ணி கேட்டார். "நல்லவங்க வண்டிம்மா" என்றார் அவர். யார் அந்த நல்லவர் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. அடுத்து துறையூரில் ஒரு வெங்காய வியாபாரி. தினமும் திருச்சி மார்க்கெட்டுக்குப் போய்வந்த கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றியிருந்தார். ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல ஏறிப் போனா பிள்ளைங்க டீச்சர்னு சொல்லாது, வெங்காயம்னுதான் சொல்லும்" என்றார்.

மூன்றாவது இடம் எங்கள் ஊரிலேயே, கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதியில். அண்ணனுக்கு அங்கே போவதற்கு முன்பே மனது முடிவாகிவிட்டது. "பெருமாளுக்குப் பக்கத்துல இருக்கிறவங்க. நாமும் தெரிஞ்ச இடத்துல வாங்கின மாதிரி இருக்கும்" என்றார்.

அந்த வீட்டுப் பெரியவர் எங்களை வாசலுக்கு வந்து அழைத்தார். "வாங்கோ, வாங்கோ. இந்த வண்டி நாலு வீதியைத் தாண்டினதில்லை. பெருமாளைச் சேவிக்கப் போவேன், ஆத்துக்கு வருவேன், அவ்வளவுதான். இப்போ கண்ணு சரியா தெரியறதில்லை. அதான் குடுத்துடறேன்." கார் கண்ணாடிபோல் மின்னியது. முகப்பில் சந்தனம், குங்குமம். தினமும் உள்ளும் புறமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாராம். "ஒரு நாள் விட்டதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் ஓட்டுபவர் பக்கம் கதவைத் திறந்து, ரப்பர் விரிப்பின் மேல் காலை வைத்தேன். அடியிலிருந்த தகடு ஈர அட்டைபோல் அமுங்கியது. விரிப்பின் ஓரத்தை விலக்கினேன்; செம்மண் நிறத்தில் துரு. அத்தனை வருடத்துத் தண்ணீரும் அங்கேதான் தங்கியிருக்கிறது. நிமிர்ந்தபோது பெரியவரின் மனைவி எதிரில் நின்றார். "பிரசாதம். இப்பதான் கோயில்லேர்ந்து வந்தது" என்று என் கையில் இலையோடு சர்க்கரைப் பொங்கலை வைத்தார். எனக்கு இயல்பாகவே நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. கையில் பெருமாள் பிரசாதத்தை வைத்துக்கொண்டு, அதைக் கொடுத்தவர்களின் வண்டி உளுத்துப்போயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அண்ணி என்னைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன்.

கார் வாங்கிய எட்டாம் நாள் காலை, காவிரிப் பாலத்தின் நடுவில் அண்ணியின் சீட் பின்பக்கமாகச் சரிந்தது. அதன் கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அவருக்குக் காலால் எதையும் எட்ட முடியவில்லை. வேலைக்குப் போகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர், "காவிரியில குளிக்கணும்னா படித்துறைக்குப் போங்கம்மா, பாலத்துல ஏன் நிக்கிறீங்க?" என்று கத்தினார்.

நான் அப்போதுதான் சொன்னேன். "எனக்குத் தெரியும் அண்ணி. அன்னிக்கே அமுங்கிச்சு. கையில பொங்கல் இருந்துச்சு..."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொங்கலை முழுங்கிட்டுச் சொல்லியிருக்கலாமே தம்பி."

தடியை ஊன்றிக்கொண்டு அந்த பஸ்ஸை நோக்கி நடந்தார். கத்திய கண்டக்டரே இறங்கி வந்து ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடிக்க, படியேற்றினோம். வலியில் அவர் உதட்டைக் கடித்திருந்த தடம் இன்னும் நினைவிருக்கிறது. அன்று முதல் மணி தவறிவிட்டது. தவணை முடிய ஆறு நாள் இருந்தது.

உத்தர வீதிப் பெரியவர் ஓட்டையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கழுவினா கெடும்னு தோணலையே" என்று கலங்கிப்போனார். நாங்கள் கேட்காமலே பணத்தைத் தந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி துறையூர். வழியில் அண்ணி என்னிடம், "இந்தத் தடவை நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கதான் பேசணும்" என்றார். அண்ணனிடமும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன். முகம் தெரியாத இடத்தில் படுத்திருந்ததாலோ என்னவோ வார்த்தை வந்தது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கு, ஸ்பிரிங்ல ஒரு பட்டை உடைஞ்சிருக்கு, கதவு பூட்டு போயிடுச்சு என்று ஒவ்வொன்றாகக் கத்தினேன்.

வியாபாரி குனிந்து பார்த்தார். "ஏங்க, வண்டி வாங்க வந்தீங்களா, என்மேல கேஸ் போட வந்தீங்களா?"

"தகடு மட்டும் கெட்டியா இருக்கு. இன்ஜினும் சுத்தம்" என்றேன்.

"அப்ப இதையே எடுத்துக்கலாம்" என்றார் அண்ணி.

நான்கு நாள் வேலைக்குப் போகாமல் எல்லாவற்றையும் சரிசெய்தேன். வெள்ளிக்கிழமை முதல் மணிக்குக் கால் மணி முன்பே அண்ணி பள்ளி வாசலில் போய் இறங்கினார். காரில் வெங்காய வாசனை ஒரு வருடம் போகவில்லை. பிள்ளைகள் மறைவில் 'வெங்காய டீச்சர்' என்றார்களாம். அதை அவரே வந்து சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெறும் வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

இப்போது திருச்சியில் பழைய கார் விற்கும் இடங்கள் எத்தனையோ. எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டால் நானும் கூடப் போகிறேன். போனதும் காபி வரும். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்து, கண்டதை எல்லார் முன்னாலும் சொல்லி முடிப்பேன். இன்றும் குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. அதற்குள் காபி ஆறிப்போயிருக்கும். அப்படியே குடித்துவிட்டு வருவேன்.