சாவியைப் பிடுங்கியவர்

போன வருடம் சித்திரை மாதம். விருத்தாசலத்திலிருந்து நானும் என் மாமியாரும் ஓமன் நாட்டுக்குக் கிளம்பினோம். என் நாத்தனாருக்கு அங்கே பிரசவம். ஊரில் நாங்கள் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் வைத்திருக்கிறோம். மின்சார பியூஸ் போடும் பீங்கான் கேரியர் செய்கிறோம். சூளையை விட்டு என் கணவரால் நகர முடியவில்லை. அதனால் மாமியாருக்குத் துணை நான். பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம் என்று சரக்கு வேனை நானே ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வருபவள் என்பதால், இருக்கட்டும் என்று வெளிநாட்டில் ஓட்டும் அனுமதியும் வாங்கி வைத்திருந்தேன். அது இறங்கிய அன்றைக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

விமான நிலையத்தில் போனை ஆன் செய்ததுமே நாத்தனாரின் கணவர் கூப்பிட்டார்.

"அக்கா, அவளுக்கு வலி வந்துடுச்சி. ஆஸ்பத்திரிய வுட்டு நகர முடியல. டாக்சிக்காரங்க இவ்ளோ தூரம் வர மாட்டேங்கறாங்க. உங்க பேர்ல வாடகைக் காரு சொல்லி வெச்சிருக்கேன். மேப்பு போட்டு மெதுவா வந்துடுங்கக்கா."

காரைப் பார்த்தேன். ஸ்டியரிங் இடது பக்கம். கிளட்ச் கிடையாது. சாலையில் வலது பக்கமாகப் போக வேண்டும். வண்டியைக் கொடுத்த பையன், போவதற்கு 'டி', நிறுத்தினால் 'பி' என்று சைகையில் சொல்லிக் கொடுத்தான். வாசலைத் தாண்டும் முன்பே, பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார்.

முதல் ரவுண்டானாவில் நம் ஊர் மாதிரி இடது பக்கமாகத் திரும்பிவிட்டேன். நேரெதிரே ஒரு தண்ணீர் லாரி. அதன் டிரைவர் ஹாரனை அமுக்கியபடியே நின்றான். வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்ப் பழமலைநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பெரிய சாலையை விட்டு மலை ஓரமாகப் பிரியும் சாலைக்கு வந்தபோது மறுபடி போன்.

"அக்கா, கொழந்தைக்குத் துடிப்பு கொறையுதாம். ஆபரேஷன்னு சொல்லி உள்ள கொண்டு போயிட்டாங்க. அம்மா அம்மான்னு அழுவுறா. எங்க இருக்கீங்க?"

அவர் குரல் உடைந்துவிட்டது. மாமியார் என் தோளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

கொஞ்ச தூரத்தில் சாலை பள்ளமாக இறங்கியது. ஒரு காட்டாறு குறுக்கே ஓடுகிற இடம். இரு பக்கமும் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள். நடுவில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். எங்கள் மணிமுத்தாற்றுத் தரைப்பாலத்தில் இதைவிட அதிகமாக ஓடும்போதே வேனில் போயிருக்கிறேன். தலைக்கு மேலே வெயில் அடித்தது. தூரத்து மலைகளின் மேல் மட்டும் கருத்திருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி சீறி வந்து, எங்களை முந்தி, சாலையை மறித்துக் குறுக்காக நின்றது. நானும் நிறுத்தி 'பி'யில் போட்டேன். வெள்ளை அங்கியும் தாடியுமாக, நல்ல உயரமான ஒரு ஆள் இறங்கி ஓடி வந்தார். என் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

"பானி! பானி!" என்று கத்தினார்.

இந்தியில் எனக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி, மாமியாரின் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கி மணலில் வீசி எறிந்தார். அடுத்த நொடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருகிப் பிடுங்கினார்.

"அய்யய்யோ, திருடன்மா! வுடாத, புடி!" என்று மாமியார் அலறினார். தன்னிடம் இருந்த குடையால் அந்த ஆளின் கையில் ஓங்கி ஓங்கி அடித்தார். மனிதர் சாவியை விடவில்லை. மலைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கத்திக்கொண்டே பின்வாங்கினார். ஆளரவமில்லாத சாலை. தெரியாத மொழி. இரண்டு பெண்கள். உள்ளே இருந்தபடியே கதவைப் பூட்டினேன். அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், இங்கே இப்படி வந்து சிக்கிக்கொண்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

முதலில் ஒரு அதிர்வு. எங்கள் ஊர் ஜங்ஷனில் சரக்கு ரயில் கடக்கும்போது காலடியில் தரை அதிருமே, அப்படி. பிறகு சத்தம். வளைவைத் தாண்டி, மண் நிறத்தில் ஒரு சுவர் உருண்டு வந்தது. தண்ணீர் என்று புரியவே கொஞ்ச நேரமானது. வேரோடு பிடுங்கிய ஈச்ச மரம் ஒன்று, அதன் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. நாங்கள் போயிருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

மாமியாரின் கையிலிருந்து குடை நழுவி விழுந்தது. "எம்மாடி" என்றார்.

அந்த மனிதர் மணலில் கிடந்த பாட்டிலை எடுத்து, அங்கியில் துடைத்து, சாவியோடு சேர்த்து என்னிடம் நீட்டினார். அவர் முன்கை சிவந்து தடித்திருந்தது. மாமியார் கதவைத் திறந்து இறங்கி, அவரைக் கும்பிட்டபடி தேம்பித் தேம்பி அழுதார். அவர் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார்.

போனில் இருந்த ஆஸ்பத்திரி பெயரைக் காட்டினேன். என் வயிற்றின் மேல் கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் வண்டி வந்து சாலையை அடைத்ததும், பின்னால் வரச்சொல்லிச் சைகை காட்டினார். வேறொரு பாலம் வழியாக வெகுதூரம் சுற்று. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் எனக்காக வேகத்தைக் குறைத்தார். அவர் திரும்பிய பக்கம் திரும்பினேன், அவர் நின்றால் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்தார். நான் இறங்கி ஓடுவதற்குள் போய்விட்டார்.

உள்ளே, துணியில் சுற்றிய பெண் குழந்தையோடு நாத்தனாரின் கணவர் நின்றிருந்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கத்தை" என்றார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பிய மறுநாளே மாமியார் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார்.

"பேரு தெரியாதுங்க சாமி. எங்க வண்டிச் சாவியப் புடுங்குனவருன்னு சொல்லிப் பண்ணுங்க."

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நட்சத்திரம் கேட்காமலே அவர் மந்திரத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் சாவியைப் பிடுங்கியவரின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் யாராவது புரியாத ஒன்றைச் சொல்லி வழியை மறித்துக் கத்தினால், கோபப்படுவதற்கு முன் நான் ஒரு நிமிடம் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.