மேல்சபைக்காரரின் பேனா

அவர் கவர்னர் நியமித்த மேல்சபை உறுப்பினர். நான் சுரண்டை வரை வீடு வீடாகக் கும்பிட்டு, இரண்டு தேர்தலிலும் தோற்றவன். ஒருவரிடமும் ஓட்டுக் கேட்காமல் மெட்ராஸில் நாற்காலி பிடித்தவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

சிவந்த மேனி, தங்க ஃபிரேம் கண்ணாடி. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தாலும், யாராவது கையெழுத்துக் கேட்டால் வேண்டுமே என்று மை நிரப்பிய பேனாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்.

ஒரு சாரல் காலையில், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தபடி கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, மேல்சபைக்கும் சனங்கதான் ஓட்டுப் போடணும்னு சட்டம் வந்தா நிப்பியளா?"

"வரட்டும்யா, நிப்பேன். தோத்துருவேன். அப்பவாவது நாலு பேருக்கு என் மொகம் தெரியும்லா."

அந்நேரம் ஆய்க்குடிக்காரர் ஒருவர் தாளோடு வந்தார். மேல்சபைக்காரரைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, எங்க தெருவுக்குக் கொழா கேட்டு மனு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

தோற்றவன் கையெழுத்தை எந்த ஆபீசில் மதிப்பார்கள்? "இவிய மேல்சபை மெம்பரு, இவியகிட்ட வாங்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் தான் யாரென்று சொல்லாமல், பேனாவை மூடி கழற்றி என்னிடம் கொடுத்தார். போட்டேன்.

அந்தத் தெருவுக்குக் குழாய் வரவேயில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் ஏன் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.