திரும்ப வாங்கிய கடிதங்கள்

மகளைக் கான்வென்ட்டில் சேர்க்க வேண்டும் என்பதற்காக என் இரட்டைவடச் சங்கிலியை விற்றுப் பங்குகள் வாங்கியது என் யோசனைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள், நானும் பட்டதாரி. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த கணவர், "உனக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டார். அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சந்தை சரியத் தொடங்கியது. ஏற்காட்டுக்குச் செய்தித்தாள் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும். அதில் இருப்பது முந்தைய நாள் விலை. 'விற்றுவிடவும்' என்று சேலத்துத் தரகருக்கு நான் போடும் கடிதம் மறுநாள்தான் போய்ச் சேரும். ஆக, நேற்றைய விலைக்கு இன்று பயந்து நாளை விற்பேன். எஸ்டேட் ஆபீசில் போன் இருந்தது. பேசினால் விலை விழுவது கணவருக்குத் தெரிந்துவிடும்.

காலையில் கடிதத்தைப் போடுவேன். மகளுக்கு மதியச் சோறு ஊட்டும்போது, இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் என்ன என்று தோன்றும். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூன்று மணிக்குத் தபால் பையைக் கட்டுவதற்குள் ஓடுவேன். போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்க விண்ணப்பம் எழுதித் தர வேண்டும்.

மூன்றாவது முறை தபாலாபீஸ் எழுத்தர் சொன்னார்: "ஏனுங்க, விண்ணப்பத்த மொத்தமா அச்சடிச்சு வெச்சுக்கலாமுங்களே."

நான்காவது முறை தீர்மானமாக எழுதினேன். அன்றைய விலைக்கு விற்றால் பள்ளிப் பணமாவது தேறும். மதியமும் மனம் மாறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அடுத்தடுத்த நாட்களில் விலை மேலும் விழுந்தபோது, விற்றுவிட்டவளின் நிம்மதியோடு செய்தித்தாள் படித்தேன். பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஒரு வாரமாகியும் தரகரிடமிருந்து பதில் இல்லை. தபாலாபீசில் போய்க் கேட்டேன். எழுத்தர் இழுப்பறையிலிருந்து என் கடிதத்தையே எடுத்து நீட்டினார்.

"எப்படியும் வருவீங்கன்னு பையில போடாம வெச்சிருந்தேனுங்க. கொழந்தையத் தூக்கிட்டு நொம்ப செரமப்படறீங்களேன்னுதான். அப்பறம் ஆளையே காணோமுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அத்தனை அக்கறை.

"இப்பப் போட்டறட்டுங்களா? பை இன்னும் கட்டலீங்க."

இப்போது விற்றால் பள்ளிப் பணத்தில் பாதிகூட வராது. ஆனால் ஒரு வாரம் முழுக்க விழுந்தது, இனிமேலுமா விழும்?

"இருங்க, நாளைக்குப் பேப்பர் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றேன்.

கடிதம் இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. இந்த முறை அவர் விண்ணப்பம் கேட்கவில்லை.