அடுப்பை அணைத்து வைத்த வீடு

நோர்வூட்டில் இருந்து பொகவந்தலாவை போகிற ரோட்டோரத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். தகரக் கூரை. என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிச் சேர்த்ததில் வாங்கியது. லயத்து வரிசையில் ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய வீடுதான்.

அவருக்கு இளைப்பு வந்தது. முதலில் குளிர் காலத்தில் மட்டும். அப்புறம் எந்நாளும். படுத்தால் மூச்சு முட்டும். அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். இளைப்புக்குப் புகை ஆகாது என்பார்கள். அவருக்குப் புகையில் இருமல் வரும். ஈரத்திலோ மூச்சே நிற்கும். இரண்டில் எது தேவலை என்று நாங்கள் பார்த்து வைத்திருந்தோம்.

பெரிய மழை பிடிப்பதற்குள் மலையை விட்டு இறக்கிவிடச் சொன்னார் ஆஸ்பத்திரி டாக்டர். வவுனியாவில் என் தம்பி இருந்தான். காய்ந்த ஊர். ஆனால் அவனே வாடகைக்கு இருந்தான். இந்த வீடு விற்றால்தான் அங்கே ஒரு கூரை. விற்காவிட்டால் இங்கேயே மழை.

தரகர் வந்தார். குடையை மடக்காமலே உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். அடுப்படியில் நின்றுவிட்டார். சுவர் கறுப்பு, தகரம் கறுப்பு. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி போட்டிருந்தேன். மலையில் வேறு எங்கே துணி காயும்?

"வீடு பாக்க வர்றவங்க கண்ணு மொதல்ல இங்கதாம்மா விழும். பேய் குடியிருந்த எடம் மாதிரில்ல இருக்கு" என்றார்.

கொடியை அவிழ்க்கச் சொன்னார். விறகை வெளியே போடச் சொன்னார். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, விற்கிற வரைக்கும் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்றார். எத்தனையோ வீடு விற்றுக் கொடுத்தவர். நானும் சரி என்றேன்.

சுவரைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்தேன். பின்பக்கம் பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து, அதற்குக் கீழே கல்லு வைத்துச் சமைத்தேன். காற்றடித்தால் நெருப்பு படுத்துவிடும். சாரலில் நனைந்துகொண்டு தேத்தண்ணி போட்டு உள்ளே கொண்டுவந்தால் அதற்குள் ஆறிப்போகும். அவர் அதையே குடிப்பார்.

சுண்ணாம்பு காயவில்லை. பனிமூட்டம் காலையில் வாசல் வழியாக வந்து சாயந்தரம் வரைக்கும் உள்ளேயே இருந்தது. நாள் போகப் போகச் சுவரில் தண்ணீர் கோத்தது. மூலையில் பச்சை படர்ந்தது. மடித்து வைத்த சேலையில் பூஞ்சணம். அடுப்பு எரிந்த நாளில் இதெல்லாம் நாங்கள் பார்த்ததே இல்லை. துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

வீடு பார்க்க முதலில் வந்தவர் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர், வேலையை விட்டு வரப்போகிறவர். அவரும் சம்சாரமும் வந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கதவு குறுகல். உள்ளே நுழையும்போது தோள் சுவரில் இழுத்துக்கொண்டு போனது. கோட்டில் பாதி வெள்ளை. அந்தம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "வாசல்லயே திருநீறு பூசிட்டாங்க. இனி மால ஒண்ணுதான் பாக்கி" என்றது. கிளாக்கர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தேத்தண்ணி வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். வாசலில் நின்று மூச்சை இழுப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். தரகர் இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னார். காயாத சுவரில் எப்படி அடிப்பது என்று கேட்டேன். ரோட்டில் இருந்து பார்க்க வெள்ளையாகத் தெரிந்தால் போதும் என்றார். அந்த மனுசனைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. இன்னொரு பூச்சும் அடித்தேன்.

வீட்டுக்காரருக்கு இப்போது உட்கார்ந்தும் தூக்கம் இல்லை. சாய்ந்தால் முதுகு நனைந்தது. ஒரு நாள் சாயந்தரம் உதடு கறுத்துப் போயிற்று. ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார்.

"வீட்ட விக்கிறதுக்குள்ள என்னைய வித்துருவ போல."

நான் வெளியே போய் விறகை அள்ளிக்கொண்டு வந்தேன். பழைய அடுப்பிலேயே மூட்டினேன். ஈர விறகு. ஒரே புகை. அவர் இருமினார். நிறைய இருமினார். அப்புறம் சுவரோரம் சாய்ந்தார், தூங்கினார். கொடியைத் திரும்பவும் கட்டினேன். பிறகு அடுப்பை அணையவிடவில்லை. வெள்ளைச் சுவர் மஞ்சளாகி, மேலே இருந்து கறுக்க ஆரம்பித்தது. தரகர் வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், கொட்டுகிற மழையில். நோர்வூட் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியும், கைப்பிள்ளையோடு அவர் மனைவியும் பின்னால். வீடெல்லாம் புகை. கொடி நிறையத் துணி. தரகர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

முதலாளி எல்லைக் கல் எங்கே என்று கேட்டார். தரகர் அதுதான் சாக்கு என்று அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, கொடியில் கிடந்த வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டையைப் பிடித்துப் பார்த்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தது.

"இது எப்ப கழுவினது அக்கா?"

"நேத்து."

"நேத்தா? எங்கட வீட்டுல புள்ளட துணி மூணு நாளாகியும் காயுதில்ல. ஈரத்தோடதான் புள்ளைக்குச் சுத்துறன்."

பிள்ளையை என் கையில் கொடுத்தது. இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டது. அப்புறம் அடுப்புக்கு முன்னால் குந்திக் கையை நீட்டிக் குளிர்காய்ந்தது. போகலாம் என்று அதன் புருசன் வந்து கூப்பிட்டபோது, துணி காயட்டும் என்றது. மழையும் விடவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். சூடாக.

அந்த வாரமே பேசி முடித்தார்கள். கொடியைக் கழற்ற வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியது. பணம் கைமாறிய அன்றைக்குத் தரகர் தன் கூலியை வாங்கிக்கொண்டு, சுவரைத் தட்டிக்காட்டிச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா, சுண்ணாம்பு அடிச்சா வித்துரும்னு."

பதில் வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்காரர் கையை அசைத்தார், விடு என்று. விட்டேன்.

பெரிய மழை பிடிக்கும்போது நாங்கள் வவுனியாவில் இருந்தோம். போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவர் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். அப்படியே தூங்கிப்போனார். எனக்குத்தான் அந்தப் புழுக்கத்தில் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.