கமகுராவில் பிரித்து வைத்த காலணிகள்

டோக்கியோ நிலையத்தில் கமகுரா செல்லும் வண்டி, தரைக்கு ஐந்து தளங்கள் கீழே வந்து நிற்கிறது. நகரும் படிகள் ஒன்று முடிந்ததும் இன்னொன்றாக நீள, நானும் என் கணவரும் இறங்கிக்கொண்டே இருந்தோம். நவம்பர் கடைசி வாரம். காலை மணி ஆறு ஐம்பது. அலுவலக வேலையாக வந்திருந்த அவருக்கு அன்று பகல் முழுவதும் கூட்டம். எனக்கு, இருபத்திரண்டு ஆண்டு அமெரிக்கச் சன்னிவேல் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு முழுநாள் தனியாக.

நடைமேடையில் அவர் தம் மார்புப் பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். வெளிநாட்டுப் பயணிகள் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அது என் கைக்கு வந்திருக்காது. எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டும் பயணச்சீட்டும் காரின் ஸ்டியரிங்கும் அவர் பொறுப்பு.

“சாயங்காலம் ஆறரைக்கு ஒசாகா ட்ரெயின். ஜப்பான் ட்ரெயின்மா, உனக்காக ஒரு செகண்ட் நிக்காது.”

“தெரியுங்க.”

“நீ கரெக்டா வந்துட்டேன்னா, கேட்ட மாதிரி ஏப்ரல்ல கியோட்டோவுக்கு ஒரு வாரம் தனியா போயிட்டு வா. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா பேக்கேஜ் டூர்தான். கொடி புடிச்சுக்கிட்டு ஒருத்தர் முன்னாடி போவாரு, நாம பின்னாடி போவோம்.”

கியோட்டோவைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த நூல்கள் அனைத்தையும் நான் படித்து முடித்திருந்தேன். இனி அங்கே போக வேண்டியதுதான் பாக்கி. சிரித்தபடி வண்டி ஏறினேன்; உள்ளுக்குள் தேர்வு எழுதப்போகிறவளின் நடுக்கம்.

ஐம்பத்தொரு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, தொள்ளாயிரத்து ஐம்பது யென். கமகுராவில் இறங்கி, வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு ஓடும் சிறு ரயிலில் இருநூறு யென் கொடுத்து ஹாசே என்னும் ஊரை அடைந்தபோது மணி எட்டே கால்.

பெரிய புத்தர் அங்கே வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். பதினொரு மீட்டருக்கு மேல் உயரம். வெண்கலம் பச்சை பூத்துக் கிடக்கிறது. முன்பு அவருக்கு மண்டபம் இருந்ததாம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல் பொங்கி வந்து அதை வாரிக்கொண்டு போன பிறகு, மழையும் வெயிலும்தான் கூரை. நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். கடலோரம் புத்த விகாரம் இருந்த ஊர். கடல் பொங்கினால் என்ன ஆகும் என்று அறிந்த ஊரும்கூட. எங்கள் ஊர் மண்ணிலிருந்து கிடைத்த புத்தர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில், உள்ளங்கையில் ஏந்தக்கூடிய அளவில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்கள். இங்கே, ஐம்பது யென் கொடுத்தால் புத்தரின் வயிற்றுக்குள்ளேயே போகலாம். உட்புறம் வார்ப்பின் இணைப்புகள் தழும்புகளைப்போலத் தெரிந்தன. குளிர்ந்த வெண்கலத்தில் உள்ளங்கையைப் பதித்து நின்றேன். அவசரப்படுத்த அருகில் எவரும் இல்லை என்பது நெடுநேரம் கழித்தே உறைத்தது.

பத்தரை மணிக்கு இனமுரகசாகி கடற்கரை. கரிய மணல், அமைதியான நீர், வளைகுடாவுக்கு அப்பால் பனி போர்த்திய ஃபூஜி. இவ்வளவு படங்களில் பார்த்தும், நேரில் கண்டபோது எழுந்து நிற்கத் தோன்றியது. கூட்டத்தின் இடைவேளையில் அழைத்த கணவரிடம் அதைச் சொல்லி முடித்ததும், பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண்குரல்.

“ஆன்ட்டி, தமிழுங்களா?”

கவிதாவும் அவள் கணவன் சரவணனும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். இப்போது டெக்சாஸில் இர்விங் நகரவாசிகள். வாடகைக் கார் அமர்த்திச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள் எங்கீங்க? பார்க்கிங்ல இருக்காருங்களா?”

“அவர் டோக்கியோவில். நான் தனியாத்தான் வந்தேன்.”

“தனியாவா!” கவிதா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுக்குங்க. என்னைய இவரு காஸ்ட்கோ கடைக்குக்கூடத் தனியா உடமாட்டாருங்க ஆன்ட்டி.”

“நீ தனியாப் போனா ட்ரக் நெறைய வாங்கிட்டு வருவே. அதுக்குத்தான்” என்றான் சரவணன்.

நான் வாங்கி வந்த சோற்று உருண்டைக்குள் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஊறுகாய் சாதமேதான். கவிதா தன் டப்பாவிலிருந்து தக்காளித் தொக்கை அதன் தலையில் வைத்தாள். மீன் கலக்காத உணவு தேடி அலைந்த கதைகளை அவள் சொல்லச் சொல்ல, மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

“எங்ககூடக் கார்ல வந்துருங்க ஆன்ட்டி. நாலு மணிக்கெல்லாம் டோக்கியோவுல ட்ராப் பண்ணீர்றோமுங்க” என்றான் சரவணன்.

அன்பான அழைப்பு. ஏறிக்கொண்டால் ஆறரை வண்டி உறுதி. ஆனால் அது வேறொருவர் எழுதிக் கொடுத்த விடையாக இருக்கும். நன்றி சொல்லி விடைபெற்றேன்.

இரண்டரைக்கு ஹச்சிமான் ஆலயம். படிக்கட்டின் ஓரம் ஆயிரம் ஆண்டு நின்றதாகச் சொல்லப்படும் கிங்கோ மரம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்தை அருகிலேயே நட்டு வேலியிட்டுக் காத்திருந்தார்கள், வேர் துளிர்த்திருக்கிறது. மஞ்சள் இலைகள் கொண்ட அந்த இளங்கன்றுக்கு முன்னால் முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடந்து போனார்.

அங்கிருந்து மேட்டுச் சாலையில் கால் மணி நேர நடை, கென்ச்சோ மடாலயத்துக்கு. நுழைவு ஐந்நூறு யென். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலான ஜூனிபர் மரங்கள் முறுக்கிய கயிறுகளாக நிற்கின்றன. பின்னால் உள்ள பெரிய மண்டபத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் செல்ல வேண்டும். இங்கேதான் என் கை, என்னைக் கேளாமலே, பழைய வழக்கத்தைச் செய்தது.

மணமான புதிதில் ஒரு கோயில் வாசலில் என் கணவரின் புதுச்செருப்பு களவு போயிற்று. அன்றிலிருந்து அவர் வகுத்த விதி: ஒன்றை ஒரு மூலையில், மற்றதை எதிர்மூலையில். ஒற்றைச் செருப்பை எவனும் திருட மாட்டான். ஆகவே என் சாம்பல்நிறக் காலணிகளில் ஒன்றை மர அடுக்கின் கீழ்த்தட்டிலும், மற்றதைக் குடைகள் வைக்கும் தொட்டியின் பின்னாலும் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மண்டபத்தின் பின்புறம் ஒரு குளமும், அதைச் சுற்றிக் கத்தரித்த புல்லும், சிவந்த இலைகளும். தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தவர்கள் எவரும் பேசவில்லை. குளத்தில் ஓர் இலை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்ச் சேரும்வரை இருந்தேன். வெளியே வந்தபோது நாலே கால். நாலரைக்கு மூடிவிடுவார்கள்.

தொட்டியின் பின்னால் காலணி இல்லை. கீழ்த்தட்டிலும் இல்லை. மறுபடி தொட்டி, மறுபடி தட்டு. வெறுங்காலுறையுடன் சரளைக்கல்லில் இறங்கி, தூண்களின் பின்னும் புதர்களின் கீழும் தேடினேன். ஒளி மங்கிக்கொண்டிருந்தது. இர்விங் தம்பதியின் கார் இந்நேரம் டோக்கியோவை எட்டியிருக்கும். கொடி பிடித்த வழிகாட்டி என் கண்முன் நடந்து போனார்.

துடைப்பத்துடன் வந்த பணியாளர் அம்மையாருக்கு அறுபது வயது இருக்கலாம். என் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு எங்களுக்கு இடையே நின்றது.

“எங்கே வைத்தீர்கள்?”

“ஒன்று அங்கே. மற்றது இங்கே.”

அவர் இரண்டு முறை படித்தார். “ஒன்று தவறி விழுந்துவிட்டதா?”

“இல்லை. நான்தான் அப்படி வைத்தேன்.”

“ஏன்?”

இறைவன் சந்நிதியில் மனிதர் திருடுவார்கள் என்று நான் நினைத்ததை, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி எழுதுவது? “எங்கள் வழக்கம்” என்று மட்டும் எழுதினேன்.

அவர் முகம் தெளிந்தது. என்னை அடுக்கின் அருகே அழைத்துப் போனார். நடுத்தட்டில், என் கண்ணுக்கு நேரே, இரண்டும் குதிகால் ஒட்டி, நான் திரும்பி வந்து அப்படியே நுழைத்துக்கொள்ள வாகாக, வாசலைப் பார்த்தபடி இருந்தன. நான் அந்தத் தட்டை நாலைந்து முறை கடந்திருக்கிறேன். ஒற்றையைத் தேடும் கண்ணுக்கு ஜோடி தெரியாது போலும். யாரோ ஒரு காலணியைத் தொலைத்துவிட்டுத் திண்டாடுவார்களே என்று, அவர் தொட்டியின் பின்னால் கிடந்ததை எடுத்து, அதன் துணையைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறார்.

இடுப்பு வளையக் குனிந்து அவர் சொன்னதைக் கைப்பேசி காட்டியது: “உங்கள் வழக்கம் தெரியாமல் மாற்றிவிட்டேன். மன்னியுங்கள்.”

நானும் குனிந்தேன். அதைவிட ஆழமாகக் குனிய என் உடல் ஒத்துழைக்கவில்லை.

மணி நாலு ஐம்பது. கீழ்நோக்கிய சாலையில் ஏறக்குறைய ஓடினேன். வழியில் தோகே ஆலயம். கணவனிடமிருந்து விலக விரும்பிய பெண்கள் முற்காலத்தில் அடைக்கலம் புகுந்த இடம். மிகவும் பார்க்க விரும்பியது, மூடியிருந்தது. கல்படிகளின் கீழே நின்று ஒரு கணம் வணங்கிவிட்டு நடந்தேன். வடக்கு கமகுராவில் ஐந்து பத்தொன்பது வண்டி. உட்கார்ந்த பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன்: ஏழு தவறிய அழைப்புகள். ஜப்பானிய ரயிலில் பேசுவது மரியாதையன்று, எழுதினேன்.

“ரயிலில் இருக்கிறேன்.”

“எந்த ட்ரெயின்? மேப்புல உன் புள்ளி முக்கால் மணி நேரமா ஒரே எடத்துல நின்னுச்சு!”

“வந்து சொல்றேன்.”

ஆறு பதின்மூன்றுக்கு டோக்கியோ. காலையில் இறங்கிய ஐந்து தளங்களையும் ஏறி, அலுவலகக் கூட்டத்தின் எதிர்வெள்ளத்தில் நீந்தி, ஒசாகா நடைமேடையை அடைந்தபோது ஆறு இருபத்து நான்கு. எங்கள் இரண்டு பயணப்பெட்டிகளுக்கு நடுவே, கடிகாரத்தின் கீழ் அவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு என் கால்களை.

“ஷூ லேஸைக் கட்டு முதல்ல. விழுந்து வெக்கப் போற.”

வண்டி நகர்ந்தபின் நடந்ததைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அந்த டெக்னிக் என்னோடதில்ல?”

“அதனாலதாங்க லேட்டு.”

சிரிப்பு அடங்கியதும், பழக்கத்தால் கையை நீட்டினார். “பாஸ்போர்ட்?”

“என் பையில இருக்கு.”

“பத்திரமா?”

“ஒரே எடத்துலதான் இருக்கு.”

நீட்டிய அதே கையால் என் முன்னிருந்த மேசைத்தட்டை இறக்கி, எனக்காக வாங்கி வைத்திருந்த தேநீரை அதன்மேல் வைத்தார். “ஏப்ரல்ல கியோட்டோல குளிருமாம். ஸ்வெட்டர் எடுத்துக்க” என்றார்.

சன்னிவேலில் எங்கள் அபார்ட்மெண்ட் கதவருகே காலணிகள் எப்போதும் சுவரைப் பார்த்துக் கிடக்கும். வந்தவர் வந்த கோலத்தில் உதறிவிட்டுப் போவோம். திரும்பி வந்த அன்று என் சாம்பல்நிறக் காலணிகளை ஒட்டி வைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பினேன். ஏப்ரல் வரை அவை அப்படியே இருக்கும்.