என் மாமியார் மிதித்த பாய்

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. வீடு என்று நான் எழுதுவதைப் பார்த்தால் அதற்கே சிரிப்பு வரும். ஓர் அறை, ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் அடுப்பு. அதில் நானும் என் புருஷனும் மாமியாரும் குடியிருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அங்கே குடியிருந்தது கட்டுமரத்துப் பாய்தான். நாங்கள் அதன் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தோம்.

கட்டுமரத்தில் காற்றுப் பிடிக்க விரிக்கிற துணிப்பாயைத் தைத்துக் கொடுப்பது அந்தக் குடும்பத்துத் தொழில். கட்டுமரம் வைத்திருக்கிற மரக்காரர்கள் காடாத் துணியைக் கொண்டுவந்து போடுவார்கள். மாமியார் கண்ணாலேயே அளந்து வெட்டுவார். வெட்டிய பட்டைகளை நான் ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பேன். சுற்றிலும் கயிறு வைத்துத் தைப்பதற்குக் கையில் பலம் வேண்டும். அது என் புருஷன் பங்கு. வெள்ளையாகவே கொடுத்துவிடுவோம். மரப்பட்டை வேகவைத்த தண்ணீரில் முக்கிச் சாயம் ஏற்றிக்கொள்வது மரக்காரர்கள் வேலை.

வெயில் நாளில் சந்திலேயே விரித்துத் தைப்போம். மழை வந்தால் பாய் உள்ளே வந்துவிடும். பாய் உள்ளே வந்தால் அடுப்பு அணைந்துவிட வேண்டும். ஒரு பொறி விழுந்தால் ஒருவர் பிழைப்பே கருகிப்போகும். அன்றைக்கு எங்களுக்குப் பழைய சோறுதான். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தவர்களும் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு, அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. பாயை யாரும் தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது. மூன்று நாலு உயிரைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற பொருள் அது. அதன்மேல் கால் பட்டால் கடல் பொறுக்காது என்று மாமியார் நம்பினார். மரக்காரர்களும் நம்பினார்கள். அதனால் நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாகவே நடந்து பழகியிருந்தோம். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு நான் அடுப்பங்கோடியில் போய் உட்கார்ந்துகொண்டால், சமாதானம் பண்ண அவர் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வந்து சேர்வதற்குள் எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிடும். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் ஒன்றும் காணோமே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "நடுவுல பாய் கீதே, நான் இன்னா பண்றது" என்றேன். மாமியார் என் தலையில் குட்டினார். சிரித்துக்கொண்டேதான் குட்டினார்.

முதல் பிள்ளை காத்திவாக்கத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தது. பையன். அவன் அழவேயில்லை. அவனைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

இரண்டாவது தங்கியபோது மாமியார் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கள் சந்து முனையில் ஒரு மருத்துவச்சி இருந்தார். ராயபுரத்தில் பாதிப் பேரை அவர்தான் இழுத்து வெளியே போட்டார் என்று சொல்வார்கள். "இந்தத் தபா இங்கியே பெத்துக்கட்டும், நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றார் மாமியார். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு உண்டு. தீட்டு வீட்டில் கிடந்த பாயை எந்த மரக்காரரும் தொடமாட்டார். அதனால் நிறைமாதத்தில் புது வேலை வாங்குவதில்லை என்று மாமியாரும் மகனும் பேசிவைத்திருந்தார்கள்.

பேசிவைத்தது அப்படி. ஒரு நாள் காலை, வெகுகாலமாக எங்களிடமே தைக்கிற மரக்காரர் ஒருவர் துணி மூட்டையோடு வந்து வாசலில் குந்தினார். காற்றில் அவர் பாய் கிழிந்துபோயிருந்தது. உலக யுத்தம் முடிந்தும் துணிக்குக் கட்டுப்பாடு நீங்காத காலம். ரேஷனில் கிடைத்ததை வீட்டுப் பெண்களுக்குக்கூடக் கொடுக்காமல் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஆயா, மீன் வர்ற நேரம். மரம் கரையில குந்திகினு கீது. இல்லன்னு சொல்லிடாத."

"மருமவளுக்கு நெறமாசம் நைனா."

"அமாவாசைக்கு அப்பாலதான்னு மருத்துவச்சி சொல்லிட்டாங்களாமே. அதுக்கு மின்ன முடிச்சிடலாம்."

"என் வூட்டு மருமவ வயித்து சேதி உனுக்கு யாரு சொன்னது?"

"சந்து பூரா அதான் பேசிகினு கீது ஆயா."

மாமியார் கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே எடுத்து வைத்தார்.

மருத்துவச்சியின் கணக்கு ஊரில் எல்லாருக்கும் சரியாக வந்தது. என் வயிற்றில் இருந்ததற்கு மட்டும் அவசரம். அமாவாசைக்கு இன்னும் நாளிருந்தது. அன்று மழை. பாய் தைத்து முடிந்து, கயிறு வைப்பதற்காக இரண்டு பக்கச் சுவருக்கும் இழுத்து, தரையை ஒட்டி ஆணியில் கட்டியிருந்தது. ஓரத்தில்கூட நடக்க வழியில்லை. வாசல் பக்கம் என் புருஷன் கயிறு தைத்துக்கொண்டிருந்தார். அணைந்த அடுப்பின் பக்கம் நானும் மாமியாரும் ஒரு பட்டையின் தையலை இறுக்கிக்கொண்டிருந்தோம்.

"இன்னாடி, ஊசி நிக்குது?"

"முதுகு புடிச்சிகினுது அத்தே."

"முதுகா, வயிறா?"

"ரெண்டும் பக்கத்துலதான கீது."

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனிடம், "ஓடு. மருத்துவச்சிய இஸ்துகினு வா" என்றார்.

மருத்துவச்சி நல்ல பருமன். நனைந்துகொண்டு வந்தவர் வாசலில் ஒரு காலைத் தூக்கினார்.

"கால கீழ வை. பாயத் தாண்டக் கூடாது" என்றார் மாமியார்.

"அப்ப பறந்தா வருவேன்?"

மாமியார் ஓர் ஆணியை அவிழ்த்துப் பாயை உயர்த்திப் பிடித்தார். "கீழ பூந்து வா. தாண்டக் கூடாதுன்னுதான் கீது. பூரக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

மருத்துவச்சி முட்டி போட்டு, பாயை முதுகால் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். "கொழந்த கால் மின்ன வர்றத பாத்துகீறேன், கை மின்ன வர்றத பாத்துகீறேன். மருத்துவச்சி தவழ்ந்து வர்றது இதான் மொத தபா." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குறுக்கே ஒரு புடவையைக் கட்டினார்கள். அதற்குள் மரக்காரர் பாயை வாங்கிப்போக வந்துவிட்டார். புடவையைப் பார்த்தார், என் முனகலைக் கேட்டார். மடியிலிருந்து தன் ஊசியை எடுத்து, என் புருஷனுக்கு எதிர்முனையில் உட்கார்ந்து கயிறு தைக்கத் தொடங்கினார். பிள்ளை பிறப்பதற்குள் பாய் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"எம்மாம் பாக்கி?" என்று மாமியார் புடவைக்குள்ளிருந்து கேட்பார்.

"ஒரு ஓரந்தாம்மா."

பிள்ளை அந்த ஓரத்துக்காகக் காத்திருக்கவில்லை. பெண். மருத்துவச்சி கத்தியை எடுத்ததும் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொடிய அறுக்காத. அறுத்தாத்தான் தீட்டு. அது வரிக்கும் தாயோட சேந்ததுதான்."

"அத எனுக்கே சொல்றியா?" என்றார் மருத்துவச்சி. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தார்.

வெளியே ஊசி துணியில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. மழைச் சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. காத்திவாக்கத்தில் ஒரு முறை கேட்டிருந்தேன்.

"அத்தே, அழல" என்றேன்.

மருத்துவச்சி குழந்தையின் வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், ஊதினார். குழந்தை நீலமாக இருந்தது. "கொடி குட்டையா கீது, தூக்கிப் புடிக்க முடியல. ஒடம்பு சில்லுனு கீது. சுடுதண்ணி வேணும். சீக்கிரம்."

எங்கள் அடுப்பில் நெருப்பில்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சந்தான், ஆயிடுச்சி" என்று என் புருஷன் குரல் கொடுத்தார்.

மாமியார் மருத்துவச்சியிடம், "அறு" என்றார். எழுந்தார். புடவையை விலக்கினார். நேராக நடந்தார்.

படுத்திருந்த இடத்திலிருந்து நான் பார்த்தேன். பாயின் நடுவிலேயே நடந்தார். என் ரத்தத்தில் நனைந்திருந்த கால். வெள்ளைத் துணியில் ஒவ்வோர் அடியும் விழுந்தது. பிறந்ததிலிருந்து பாய் தைக்கிற வீட்டிலேயே வளர்ந்தவர், அதே தொழில் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அதற்கு முன்பு பாயின் ஓரத்தில் அவர் கால்விரல் நுனி பட்டுக்கூட நான் பார்த்ததில்லை. "யம்மா" என்றார் என் புருஷன். மரக்காரர் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி, வழி விட்டார்.

மாமியார் தவலையில் சுடுதண்ணீரோடு அதே வழியில் திரும்பி வந்தார். மறுபடியும் பாய்மேல்தான்.

மருத்துவச்சி பிள்ளையைத் தண்ணீரில் அமிழ்த்தினார், தூக்கினார், தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். கோழிக்குஞ்சு கத்துவதுபோல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம்.

புடவைக்கு அந்தப் பக்கம் மரக்காரர் கேட்டார். "இன்னா கொழந்த ஆயா?"

"பொண்ணு."

"நல்லா இருக்கட்டும்." ஊசியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். பாய் அப்படியே கிடந்தது.

தீட்டுக் கழிந்த பிறகு மாமியார் பாயை மூன்று நாலு முறை துவைத்தார். தடம் மங்கியது, போகவில்லை. மரக்காரர் வந்தபோது மாமியார் தன் நல்ல புடவைகளையும் என் கல்யாணப் புடவையையும் அடுக்கி வைத்திருந்தார்.

"இத எடுக்காத நைனா. என் காலு பட்டுது. ரெண்டு தபா பட்டுது. நான் இதுங்கள வெட்டி வேற தச்சித் தரேன்."

"உன் பொடவைய விரிச்சிகினு போனா மீனுங்க என்னப் பாத்து சிரிக்கும் ஆயா."

"சிரிச்சா சிரிக்கட்டும். உன் புள்ளைங்களும் இந்த மரத்துலதான போறானுங்க."

"போறானுங்க." பாயைச் சுருட்டினார். "வேற துணிக்கு நான் எங்க போவேன்? நேரம் போய்கினே கீது. கன்னிமார் சாமிக்கு நான் சொல்லிக்கிறேன். நீ உள்ள போ."

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். புடவைகள் தப்பின என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். மாமியார் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

சாயம் காய்ந்து அந்தப் பாய் முதல்முதலாகக் கடலுக்குப் போன நாளில் அவர் சாப்பிடவில்லை. தைக்கவும் இல்லை. மரக்காரரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் விடியுமுன் போயிருந்தார்கள். பகலில் மாமியார் எழுந்து கடற்கரைக்குப் போனார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"நீ எதுக்கு வந்த? பச்ச ஒடம்பு."

"காத்து வாங்க வந்தேன் அத்தே."

மத்தியானக் காற்று எழும்பியதும் மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாப் பாயும் ஒரே செம்மண் நிறம். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. மாமியார் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரையில் கூடை வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் மீன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குழந்தை இரண்டு முறை பால் குடித்துத் தூங்கிவிட்டது.

அப்புறம் அவர் "இது இல்ல" என்று சொல்வதை நிறுத்தினார். தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார். மரம் அலையில் ஏறி இறங்கிக் கரைக்கு வந்தது. அவர் உதடு அசைந்தது. ஒருவன் குதித்தான். இன்னொருவன். பிறகு அப்பன்.

"இன்னா ஆயா, மீன் வாங்கவா வந்த?" என்று அவர் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்.

மாமியார் என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தார். அலை வந்து புடவையை நனைத்தது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.